ஒருக்கால் கேட்டுப் பார்

எமது நாட்டிலே 'சிபாரிசு' என்னும் சொல்லுக்கு நற்பெயர் கிடையாது. உத்தியோகத்துக்குச் சிபாரிசு, இடமாற்றத்துக்குச் சிபாரிசு, பிள்ளையைப் பெரிய பாடசாலையிற் சேர்ப்பதற்குச் சிபாரிசு என்று அச்சொல் எங்கே தலைகாட்டினும் அதன் பின்னால் ஒரு கடிதமும், கடிதத்தின் பின்னால் ஒரு நன்றிக் கடனும் நிற்பதைக் காணலாம். ஆயினும், கைம்மாறு கருதாத சிபாரிசு ஒன்றும் உலகில் உண்டு. ஒருவர் ஒரு பாட்டைக் கேட்கிறார், உள்ளம் அசைகிறது, உடனே அருகில் இருப்பவரின் கையைப் பிடித்து, "இதை ஒருக்கால் கேட்டுப் பார்" என்கிறார். பாடியவர் யாரென்று ஊருக்குத் தெரியாது. சொன்னவருக்கு இதனால் ஒரு சதமும் வரப் போவதில்லை. கேட்டவர் உதட்டைப் பிதுக்கினாலோ, வெட்கம் சொன்னவருக்குத்தான். அப்படியிருந்தும் சொல்கிறார்.

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு மாலை. பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த எமது தங்கையின் மகள், தன் கையடக்கத் தொலைபேசியை எமது காதருகே நீட்டி, "மாமா, புதுப் பாட்டொண்டு. ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ" என்றாள். இந்தக் காலத்துப் பாட்டுக்கு எமது காது ஏற்றதன்று என்று சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் கிற்றார் நரம்புகள் நாலு தடவை அதிர்ந்தன. கையிலிருந்த பத்திரிகை மடியில் விழுந்தது.

பாடியவர் லூக் கோம்ஸ் என்னும் அமெரிக்கர். அந்நாட்டார் 'கன்ட்ரி' என வழங்கும் கிராமியப் பாணிப் பாடகர். பாட்டின் பெயர் 'ஃபாஸ்ட் கார்'. மருமகளுக்கு ஓர் ஐயம். பாடுபவர் தாடி வைத்த ஆண்மகன். பாட்டிலோ தம்மைக் கடையிற் காசு வாங்கும் பெண்ணாகச் சொல்கிறாரே, அது எப்படி? "பிள்ளை, பாட்டு அவருடையதில்லை. ஒரு பெண் எழுதினது. அந்தச் சொல்லை மாற்றாமற் பாடுகிறார்" என்றோம். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "நாங்கள் இதைச் சைக்கிள் சுத்திக் கேட்டனாங்கள்" என்றோம். அவள் எம்மைப் பார்த்த பார்வையில், மாமாவுக்கு வயது போய்விட்டது என்ற இரக்கம் இருந்தது. ஆகவே கதையை முதலிலிருந்தே சொல்ல வேண்டியதாயிற்று.

1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் இலண்டனுக்குப் போன எமது மச்சானிடமிருந்து, 1989ஆம் ஆண்டில், கொழும்பு வழியாக வந்த ஒருவரின் கையில் ஒரு கடிதமும் ஒரு கசற்றும் வந்து சேர்ந்தன. நாலு பக்கக் கடிதம். மூன்று பக்கம் குடும்ப அலுவல். நாலாம் பக்கத்தில், வேறொருவர் எழுதியது போல ஓர் உற்சாகம். திரேசி சாப்மன் என்றொரு கறுப்பினப் பெண். தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே கிற்றார் மீட்டிப் பாடுகிறாள். போன வருடம் தொலைக்காட்சியில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு நித்திரை வரவில்லை. "மச்சான், ஒருக்கால் கேட்டுப் பார். மற்றப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அதிலே உங்கடை குரல்களைப் பதிந்து அனுப்பு" என்று கடிதம் முடிந்திருந்தது. அது 90 நிமிட நாடா. பாட்டுகள் எல்லாமாக 36 நிமிடம்.

சொல்லையும் இசையையும் ஒருவரே படைத்துப் பாடுவதை எமது சங்கீத மரபு 'வாக்கேயகாரர்' என்ற பெரிய பெயரால் அழைக்கும். கிற்றாரோடு அதைச் செய்வதும் இலங்கைத் தமிழருக்குப் புதிதன்று. பொப்பிசை கொடிகட்டிப் பறந்த நாட்களில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்று வீட்டுக்கு வீடு பாடவைத்தவர்தாம். ஆகவே மச்சானின் சிபாரிசை ஒரு புதினமாக எடுத்துக்கொள்ளாமல், கசற்றை மேசை லாச்சியில் வைத்துவிட்டோம். உண்மையைச் சொன்னால், இங்கிலீசுப் பாட்டு விளங்காதென்ற பயமும் இருந்தது.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. குப்பி விளக்கின் வெளிச்சத்திற் படித்த அந்தத் தலைமுறை, செய்தி கேட்பதற்கு ஒரு வழியைக் கண்டுபிடித்தது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றினால், பின்சில்லோடு உராயும் டைனமோவில் மின் பிறக்கும். அதை நேர்மின்னாக்குவதற்கு இருவாயிகளைப் பொருத்தித் தந்தார், எமது ஒழுங்கையில் வானொலி திருத்துபவர். செய்தி முடிந்த பின்னும் சில்லு சுழன்றுகொண்டிருந்த ஓரிரவில்தான் லாச்சியில் கிடந்த கசற் நினைவுக்கு வந்தது.

சுற்றுபவரின் கை தளர்ந்தால் பாட்டும் தளரும். திரேசியின் குரல் இயல்பிலேயே தாழ்ந்த குரல். சில்லு மெதுவானபோது அது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஆயிற்று. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த எமது ஆச்சி, "ஆர் தம்பி இந்தப் பெடியன்? பாவம், நல்லாக் களைச்சுப் போனான்" என்றார். நாம் சிரித்தோம். ஆனால் ஆச்சி சொன்னதில் பாதி சரி. களைத்துப்போன ஒருத்தியின் பாட்டுத்தான் அது. குடிகாரத் தகப்பனைப் பார்ப்பதற்காகப் படிப்பை விட்ட ஒரு பெண், வேகமாக ஓடும் கார் ஒன்றை வைத்திருப்பவனை நம்பி ஊரைவிட்டுப் புறப்பட எண்ணுகிறாள், புறப்பட்டும் விடுகிறாள், போன இடத்திலும் அதே வாழ்வுதான் அவளைப் பிடித்துக்கொள்கிறது. பெற்றோலைக் கண்ணாற் காணாத ஊரில், மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய கார்களைப் பார்த்துக்கொண்டு, துவிச்சக்கர வண்டியைச் சுற்றி, வேகக் காரின் பாட்டைக் கேட்டோம். இங்கிலீசு விளங்காதென்று பயந்த நாம், மூன்றாம் நாள் சொல்லுக்குச் சொல் அதைப் பாடத் தொடங்கினோம்.

அதன் பின் எம்மை யாராலும் தடுக்க முடியவில்லை. கண்டவரையெல்லாம் கூட்டிவந்து இருத்திக் கேட்கச் செய்தோம். ரியூசன் வகுப்புத் தோழர், பங்குக் கிணற்றுக்காரர், ஒருமுறை வட்டிக் காசு வாங்க வந்தவர்கூட.

இந்தப் பெண் எப்படி உலகின் காதுக்கு வந்தாள் என்பதைப் பின்னாளில் வாசித்து அறிந்தோம். அதிலே எமக்கு ஒரு பாடம் மறைந்திருந்தபடியாற் சற்று விரித்துச் சொல்கிறோம். ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் 1964ஆம் ஆண்டிற் பிறந்தவர் திரேசி. தாயார் ஒருவரே வளர்த்த குடும்பம். மூன்று வயதில் யுகலேலி என்னும் சின்னக் கிற்றாரைத் தாயார் வாங்கிக் கொடுத்தார். புலமைப்பரிசில் பெற்றுக் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு விடுதிப் பாடசாலைக்குச் சென்றார். அங்கே அவரிடம் நல்ல கிற்றார் இல்லையென்பதைக் கண்ட பாடசாலைக் குருவானவர், மாணவரிடமும் ஆசிரியரிடமும் காசு சேர்த்து ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அந்தச் சில்லறையைப் போட்ட பிள்ளைகளை நாம் அடிக்கடி நினைப்பதுண்டு. தம்மோடு ஒரே மேசையிற் சோறுண்ணும் ஒருத்தியை அவர்கள் பாடகியாக மதித்தார்கள். உள்ளூர் மாடு உள்ளூரில் விலைபோகாதென்று எமது முன்னோர் சொன்னது எல்லாவிடத்தும் செல்லாது போலும்.

பின்பு மசாசூசெட்ஸ் மாநிலத்து டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தார். ஹாவாட் சதுக்கத்தில் தெருவோரம் நின்று பாடினார். அதே பல்கலைக்கழகத்தில் பிரையன் கொப்பெல்மன் என்றொரு மாணவர், தென்னாபிரிக்க நிறவெறிக்கு எதிராக ஒரு கூட்டம் ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். கூட்டத்திற் பாடுவதற்கு ஒருத்தி இருக்கிறாள், போய்க் கேள் என்று யாரோ ஒருவர் அவருக்குச் சொன்னார். அந்த 'யாரோ' யாரென்று இசை வரலாறு குறித்துவைக்கவில்லை. சிபாரிசு செய்பவர்களின் தலைவிதி அது. பிரையன் ஒரு கோப்பிக் கடையிற் போய்க் கேட்டார். அன்று தொடங்கி அவள் பின்னால் அலைந்தார். அவருடைய தந்தை பாடல் வெளியீட்டுத் தொழிலில் பெரிய புள்ளி. ஆனால் திரேசியோ எளிதில் மசியவில்லை. மாதிரி ஒலிப்பதிவு செய்துதரவும் உடன்படவில்லை. தெருவிற் பாடுபவர் பெரிய கதவு திறந்ததும் பாய்ந்து ஓடுவாரென்று நினைப்போம். இவர் நின்று நிதானித்தார்.

பல்கலைக்கழக வானொலி நிலையத்தில் அவர் பாடிய ஒலிப்பதிவு இருக்கிறதென்று பிரையனுக்குத் தெரியவந்தது. ஒருவர் அறிவிப்பாளருக்குப் பராக்குக் காட்ட, பிரையன் நாடாவை எடுத்துக்கொண்டு நழுவினார்! தந்தை கேட்டார், நேரில் வந்து பார்த்தார், ஒப்பந்தமாயிற்று. இந்தக் களவை நாம் சிபாரிசு செய்வதாக மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. பாடியவரின் சம்மதம் கேளாமல் அவர் குரலைக் கொண்டுபோவது, அது எத்துணை அன்பினாற் செய்யப்பட்டாலும், எமக்கு உவப்பன்று. ஆனால் இருபது வயது மாணவர் ஒருவர், தம்மோடு படிக்கும் ஒருத்தியின் குரலைத் தந்தையின் முன் வைத்து, "கேளுங்கள்" என்று சொல்லத் துணிந்தார். அந்தத் துணிவை வியக்காமலிருக்க முடியவில்லை.

முதல் இசைத்தட்டு 1988ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியாயிற்று. அவ்வாண்டு ஜூன் 11ஆம் திகதி, சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் எழுபதாவது பிறந்த நாளை முன்னிட்டு, இலண்டன் வெம்பிளி மைதானத்தில் பெருங் கச்சேரி. 67 நாடுகளுக்கு அது ஒளிபரப்பாயிற்று. திரேசி பிற்பகலிலேயே பாடிவிட்டு இறங்கிவிட்டார். மாலையில் ஸ்டீவி வொண்டர் மேடையேற வேண்டிய நேரம், அவருடைய வாத்தியத்துக்குரிய பதிவுத் தட்டைக் காணவில்லை. அதில்லாமற் பாட இயலாதென்று அவர் கண்ணீரோடு திரும்பிவிட்டார். (பின்பு வந்து பாடினார் என்பது வேறு கதை.) இடைவெளியை நிரப்ப ஓர் ஆள் வேண்டும், ஆயத்தம் செய்ய நேரமில்லை. ஒரு கிற்றாரும் ஒலிவாங்கியும் போதுமென்ற ஒருத்தி அங்கே இருந்தாள். பல்லாயிரம் பேர் நிறைந்த அம்மைதானத்தில் அவர் மீண்டும் தனியே வந்து நின்று 'ஃபாஸ்ட் கார்' பாடினார். நிறவெறிக்கு எதிரான சின்னஞ்சிறு மாணவர் கூட்டத்துக்கென யாரோ சொல்லிவைத்த பெயர், அதே காரணத்துக்காகக் கூடிய உலகப் பெருங் கூட்டத்தின் முன் வந்து நின்றது. எமது மச்சானுக்கு நித்திரை வராமற்போன இரவு அதுவே.

அவ்வாண்டிலேயே அவருடைய இசைத்தட்டு பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. செப்டெம்பரில், சர்வதேச மன்னிப்புச் சபைக்காக உலகைச் சுற்றிய பாடகர் குழுவுடன் புதுடில்லி வரை வந்தார். பாக்கு நீரிணையைத் தாண்டவில்லை. அப்போதைய நிலையில் தாண்டியிருந்தாலும் யார் போய்க் கேட்டிருப்பார்கள்?

இனிச் சொல்ல வேண்டியது எமக்குச் சற்றுக் கடினமானது.

அந்நாட்களில் பெடலைச் சுற்றுவதற்கு எமக்கு வாய்த்தவர் பக்கத்து ஒழுங்கை நண்பர் ஒருவர். அவர் கை தளராது. அவர் சுற்றினால் மட்டுமே பாட்டு ஒரே சுருதியில் நிற்கும். ஆகையால், யாரைக் கூட்டிவந்து பாட்டுக் கேட்பித்தாலும் நண்பர் வண்டியருகிற் குந்தியிருந்து சுற்றுவார். நாம் நின்று விளக்கவுரை சொல்வோம். அவரும் பாட்டுக் கட்டுவார். கிற்றார் கிடையாது, தண்ணீர் வாளியிலோ மேசைப் பலகையிலோ தாளம் போட்டுக்கொண்டு மெல்லிய குரலிற் பாடுவார். கிணற்றடித் துலாவைப் பற்றி ஒன்று. கப்பல் வராத துறைமுகத்தைப் பற்றி ஒன்று. எட்டுப் பத்துப் பாட்டுகள் இருக்கும். நல்ல பாட்டுகள். நல்லவை என்பது எமக்கு அன்றைக்கே தெரியும். அதுதான் உறுத்துகிறது.

1992ஆம் ஆண்டில் ஒரு நாள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்தக் கசற்றின்ரை மற்றப் பக்கம் சும்மாதானே கிடக்கு. நீ சுத்து, நான் ஒரு பாட்டுப் பாடிப் பதிவம். இலண்டனுக்கு அனுப்புவியோ?" எமது பெட்டியிற் பதியும் வசதி இருந்தது. மச்சானும் அதைத்தான் கேட்டிருந்தார். நாமோ, "சுத்திப் பதிந்தால் குரல் ஆடும். கரண்ட் வரட்டும், வடிவாய்ப் பதிவம்" என்றோம். அவர் தலையசைத்தார். மீண்டும் கேட்கவில்லை.

குரல் ஆடும் என்பது பொய்யன்று. ஆனால் அது காரணமுமன்று. வெம்பிளியிற் பாட்டுக் கேட்ட மச்சான், வாளித் தாளத்தைக் கேட்டுச் சிரித்துவிடுவாரோ என்ற கூச்சமே காரணம். உலகம் ஏற்கெனவே புகழ்ந்த ஒருத்தியை வீடு வீடாகச் சிபாரிசு செய்ய எமக்கு ஒரு துணிவும் தேவைப்படவில்லை. பக்கத்தில் இருந்தவரை ஒரே ஒருவருக்குச் சிபாரிசு செய்யத் துணிவு வரவில்லை. திரேசியின் பாட்டைக் கேட்டு நாம் செய்த விளக்கவுரைகள் அத்தனையையும், பெடலைச் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் அல்லவா?

மின்சாரம் வரவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து நடந்தது. மழையில், சனநெரிசலில், யார் எந்தப் பக்கம் போனார் என்று தெரியாது. கசற் பெட்டியும் வீட்டோடு போயிற்று. நண்பரை நாம் மறுபடியும் கண்டதில்லை.

பத்தாண்டுகளுக்கு மேலாகிறது, ஒரு நாள் தொலைபேசியில் அவர் குரல் கேட்டது. கனடாவில் ரொறன்ரோ நகரில் பாரவண்டி ஓட்டுகிறாராம். பிள்ளைகள், வீட்டுக் கடன், பனி என்று எல்லாம் பேசிய பின், துலாப் பாட்டைப் பற்றிக் கேட்டோம். "அதெல்லாம் இப்ப ஆருக்கடா ஞாபகம்?" என்று சிரித்தார். சிறிது மௌனத்தின் பின் அவரே சொன்னார்: "ஆனால் உன்ரை திரேசியின்ரை பாட்டு எல்லாம் முழுக்கப் பாடம். லொறியிலை போட்டுக்கொண்டுதான் ஓடுறனான்." நாம் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றினோம்.

இவ்வளவையும் கேட்ட மருமகள் சற்று நேரம் பேசவில்லை. பின்பு தன் தொலைபேசியில் எதையோ தேடி, "மாமா, லூக் கோம்ஸ் சின்னப் பிள்ளையாயிருக்கேக்கை, தகப்பனின்ரை வாகனத்திலைதானாம் இந்தக் கசற்றைக் கேட்டவர்" என்று வாசித்துக் காட்டினாள். அந்தத் தகப்பன் மகனுக்கு ஒரு விளக்கவுரையும் சொல்லியிருக்க மாட்டாரென்றே நினைக்கிறோம். அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கக் கிராமிய இசைச் சங்கம், ஆண்டின் சிறந்த பாடலுக்கான விருதைத் திரேசிக்கு அளித்தது. கறுப்பினப் பெண் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதற் தடவை. பாட்டுக்கு வயது 35. 2024 பெப்ரவரி 4ஆம் திகதி கிராமி விருது விழாவில் இருவரும் சேர்ந்து பாடினர். அதையும் மருமகள்தான் எமக்குக் காட்டினாள். நரைத்த தலையோடு திரேசி அந்த நாலு மீட்டல்களை மீட்டுகிறார், சபை ஆரவாரிக்கிறது, பக்கத்தில் நிற்கும் அந்தப் பெரிய உருவம், அவர் பாடும் வரிகளைச் சத்தமின்றி வாயசைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை போல் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

அது முடிந்ததும் மருமகள் தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. "எங்கடை விடுதியிலை ஒரு பிள்ளை இருக்கிறா. தானே எழுதித் தானே பாடுவா. நல்லாயிருக்குமோ தெரியாது..." என்று இழுத்தாள். அந்த இழுப்பை நாம் அறிவோம். "போடு பிள்ளை" என்றோம். விடுதி அறையிற் பதிந்தது போலும். மின்விசிறியின் சத்தம், இடையில் யாரோ கதவு திறக்கும் சத்தம். தாயார் மத்திய கிழக்கிலிருந்து தொலைபேசியிற் பேசும் நேரத்தைப் பற்றிய பாட்டு. இரண்டாம் சரணத்தில் தாளம் சற்று நொண்டிற்று. மீண்டும் ஒருமுறை போடச் சொன்னோம்.

இலண்டன் மச்சானுக்கு அனுப்பலாமா என்று கேட்டோம். உடனே அனுப்ப விரலை நீட்டியவளைத் தடுத்து, முதலில் அந்தப் பிள்ளையிடம் கேட்கச் சொன்னோம். மூன்று நாள் பதிலில்லை. நாலாம் நாள், அனுப்பலாம், ஆனால் எங்கேயும் தன் பெயரைப் போடக் கூடாதென்று சொல்லியனுப்பியிருந்தாள். ஆகவே இங்கும் போடவில்லை.

மச்சானுக்கு இப்போது எழுபதுக்கு மேல். காதுக்குக் கருவி வைத்திருக்கிறார். "மச்சான், ஒருக்கால் கேட்டுப் பார்" என்ற நாலு சொல்லோடு பாட்டை அனுப்பிவிட்டு, அன்றிரவு நாம் சரியாக உறங்கவில்லை. விடியற்காலை பதில் வந்திருந்தது.

"ஆர் இந்தப் பிள்ளை? வேறை பாட்டும் இருக்கோ?"